கை நடுங்கியது யார் முன்னால்? ஒரு பல் மருத்துவ மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

இறுதியாண்டு பி.டி.எஸ். மாணவி, வயது 22. ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி. காலையில் எழுந்ததும் இரண்டு பக்கத் தாடையும் வலிக்கிறது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை என்று தன் கல்லூரியின் ஓரல் மெடிசின் (வாய் நோய்களைக் கண்டறியும்) துறைக்கே நோயாளியாகப் போனார். பார்த்த முதுநிலை மாணவி கேஸ் ஷீட்டில் எழுதியது இவ்வளவு: மாசெட்டர் என்ற மெல்லும் தசையை அழுத்தினால் வலி, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, கோரைப்பற்களின் முனை தேய்ந்திருக்கிறது. இரவில் பல் கடிக்கும் பழக்கம். இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு போட வேண்டும்.

அளவெடுக்கத் தட்டைத் தேடிக்கொண்டே அவர், "நைட்டு எத்தனை மணிக்குத் தூங்கறே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பதிலுக்கு அழுகை வந்தது, வெகுநேரம் நிற்கவில்லை. அன்று மதியம் என்னிடம் அனுப்பினார்கள். அந்தக் கல்லூரிக்கு வாரம் ஒருநாள் வந்துபோகும் மனநல ஆலோசகர் நான்.

தொடர்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரே ஒருவருடைய வரலாறு அல்ல. ஒரே மாதிரியான சிக்கலோடு வருகிறவர்களின் விவரங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஊரையும் உறவையும் மாற்றி, ஒரு மாணவியாக எழுதியிருக்கிறேன்.

பின்னணி

பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் குடும்பம். பாவும் ஊடை நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் மாற்றி மாற்றித் தறி பார்ப்பார்கள். மாணவி பிளஸ் டூ வரை நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தார். காலை ஐந்து மணி மணியடிப்பு, இரவு பதினொரு மணி வரை ஸ்டடி, வாரம் தவறாமல் டெஸ்ட். கொங்கு நாட்டில் பலருக்கும் தெரிந்த வாழ்க்கைதான். அதன்பின் ஓராண்டு நீட் பயிற்சி. எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டி.எஸ். கிடைத்தது. வங்கிக் கடன் போதாமல் இரண்டு தறிகளை விற்றார்கள்.

விடுதிப் பள்ளியில் இவர் முதல் ஐந்து பேரில் ஒருவர். எதையும் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார். பல் மருத்துவத்தின் முதலாண்டில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொன்னபோதுதான், படித்தால் வந்துவிடாத ஒன்றை முதன்முதலில் சந்தித்தார். கடைவாய்ப் பல்லின் குழிகளும் மேடுகளும் அளவு பிசகாமல் வர வேண்டும். வராவிட்டால் ஸ்டாஃப், அதாவது ஆசிரியர், அதை இரண்டாக உடைத்துத் திருப்பிக் கொடுப்பார். மார்க் தாளில் இருக்கிற தோல்வி வேறு, எல்லோர் கண்முன்னும் கையில் உடைந்து கிடக்கிற தோல்வி வேறு. இந்தப் படிப்புக்கு வரும் நல்ல மதிப்பெண் மாணவர்கள் பலரும் முதலில் இடறுவது இங்கேதான். அதைப் பற்றி யாரும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வீட்டில் நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒறம்பரை (உறவினர்) வந்தால் ஒரே கேள்வி. "புள்ள டாக்டருக்குப் படிக்குதாமா?" என்று ஆரம்பித்து, "ஓ, பல்லுக்குங்களா" என்று முடியும். "அந்த 'ங்களா' வர்றப்போ நான் அம்மா மூஞ்சியப் பாக்கறதில்லீங்க" என்றார்.

கோட்டா

மருத்துவம் தெரியாதவர்களுக்கு இறுதியாண்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓரல் மெடிசின், பீடோ (குழந்தைகளின் பல்), ஆர்த்தோ (பல்வரிசை சீரமைப்பு), பெரியோ (ஈறு), பிராஸ்தோ (செயற்கைப் பல்), கான்ஸ் (பல் அடைப்பு, வேர் சிகிச்சை), ஓரல் சர்ஜரி (வாய் அறுவை சிகிச்சை), பொது சுகாதாரப் பல் மருத்துவம் என்று எட்டுப் பாடங்கள். துறை துறையாகச் சுழற்சியில் போஸ்டிங். ஒவ்வொரு துறையிலும் இத்தனை பல் பிடுங்கல், இத்தனை வேர் சிகிச்சை (ஆர்.சி.டி.), இத்தனை பல்செட் என்று கணக்கு உண்டு. அதற்குப் பெயர் கோட்டா. ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்டாஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். கோட்டா முடியாவிட்டால் ரெக்கார்ட் முடியாது, ரெக்கார்ட் முடியாவிட்டால் தேர்வு எழுதுவது கேள்விக்குறி.

இதில் படிப்பு பாதி, நோயாளி பாதி. நோயாளியைப் பெரும்பாலும் மாணவர்களே தேட வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் அது லேசு அல்ல. தறிக்காரர் ஒரு ஷிப்ட் விட்டால் கூலி போய்விடும். அவருக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்கும் விடுமுறை. மஞ்சள் அறுவடைக் காலத்தில் காட்டுவேலை செய்பவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அதனால் மாணவர்கள் பஸ் காசு கொடுப்பார்கள், கட்டணத்தைத் தாங்களே கட்டுவார்கள், சிலர் விட்ட ஷிப்டுக்கான கூலியையும் கொடுப்பார்கள். விடுதி வாட்ஸ்ஆப் குழுவில் இரவு பத்து மணிக்கு, "மேல் முன்பல் ஆர்.சி.டி. கேஸ் யார்கிட்டயாவது இருக்கா, அவசரம்" என்று செய்தி ஓடும். செய்முறைத் தேர்வன்று நோயாளி வராமல் போனால் என்ன ஆகும் என்ற பயம் ஆண்டு முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பல் மருத்துவ மாணவர்களின் மன அழுத்தத்தை அளக்க 1980-ல் அமெரிக்காவில் கார்பி குழுவினர் ஒரு வினாப்பட்டியல் உருவாக்கினார்கள். இன்றும் பல நாடுகளில் அதைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். நோயாளி தாமதமாக வருவது, வராமலே போவது அதில் ஒரு கேள்வி. அமெரிக்காவிலேயே அது கேட்க வேண்டிய கேள்வியாக இருந்தபோது, கூலிக்கு நெய்கிற ஊரில் அதன் கனம் எவ்வளவு என்று யோசித்துப் பார்க்கலாம்.

அப்பாருவின் பல்செட்

பிராஸ்தோ போஸ்டிங்கில் முழுப் பல்செட் ஒன்று பாக்கி. நோயாளி கிடைக்காமல், கொடுமுடிப் பக்கம் இருக்கும் தன் அப்பாருவையே, அதாவது அப்பாவின் அப்பாவையே, மாணவி அழைத்துவந்தார். முழுப் பல்செட் ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. முதல் அளவு, அதை வைத்துத் தனித் தட்டு, பச்சைக் குச்சி எனப்படும், சூட்டில் இளகும் அளவுப் பொருளை உருக்கி ஓரம் பிடித்து இறுதி அளவு, மெழுகு வரம்பை வைத்து மேல் கீழ்த் தாடையின் உயரமும் சேர்க்கையும் குறிக்கும் ஜா ரிலேஷன், பல் அடுக்கிப் போட்டுப் பார்க்கும் ட்ரை-இன், கடைசியில் பல்செட் கொடுப்பது, அப்புறம் புண் பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வருகை. எழுபதைத் தாண்டிய மனிதர் ஒவ்வொரு முறையும் ஈரோடு வந்து பஸ் மாறி வந்தார்.

ஜா ரிலேஷன் அன்று தாடை உயரம் அதிகமாகிவிட்டது. மாணவர்களுக்கு அடிக்கடி நேர்கிற பிழைதான். மேற்பார்வையிட்ட ஆசிரியர் வரம்பை வாயிலிருந்து எடுத்து, கத்தியால் சீவித் தட்டில் போட்டுவிட்டு, "நாலு வருஷமா என்ன பண்ணினே? இதுக்கா உங்க வீட்டுல பணம் கட்டறாங்க?" என்றார். நாற்காலியில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி தன் ஆட்டுக்குட்டிகளை விற்றுக் கொடுத்தது என்று நாற்காலியில் இருந்தவருக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அப்பாரு, "போச்சாது கண்ணு. பல்லு இல்லாமயே இத்தன வருசம் தின்னு போட்டன்" என்றாராம். அடுத்த தேதிக்கு அவர் வரவில்லை. மஞ்சக்காட்டில் வேலை என்று சொல்லியனுப்பினார். பேத்திக்குக் காரணம் புரிந்துவிட்டது.

கை நடுக்கம் அதற்கடுத்த வாரத்திலிருந்து.

பரிசோதனை

முதல் சந்திப்பில் கிடைத்த விவரங்கள்: நான்கு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் மூன்றரைக்கு விழிப்பு, அப்புறம் தூக்கம் இல்லை. மெஸ்ஸில் காலை உணவு நின்றுவிட்டது. எடை குறைந்திருக்கிறது. முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை. பல்லைக் குடையும் கருவியான ஏரோட்டரைக் கையில் எடுத்தால் விரல் நடுங்குகிறது, உள்ளங்கை வியர்த்துக் கையுறைக்குள் வழுக்குகிறது.

நடுக்கத்தைப் பார்த்ததும் நரம்புத் தளர்ச்சி என்று விடுதித் தோழிகள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: வீட்டுக்குப் போனால் தறியில் அறுந்த இழையைப் பிணைக்க முடிகிறதா? "அது முடியுதுங்க. அம்மாவவிட வேகமாவே பிணைப்பேன்." ஃபேண்டம் ஹெட் என்ற பயிற்சிப் பொம்மைத் தலையில் தனியாகப் பயிற்சி செய்யும்போது? நடுக்கம் இல்லை. தோழி பக்கத்தில் நின்றால்? கொஞ்சம். ஸ்டாஃப் பின்னால் வந்து நின்றால்? அப்போதுதான் முழுதாக.

மெல்லிய நூலை முடிச்சுப் போடும் விரல்களில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் தைராய்டைப் பார்க்காமல் பதற்றம் என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.6, தெளிவான சோகை. விடுதிப் பெண்களில் இது அடிக்கடி கண்ணில் படுவது. அதுவே படபடப்பையும் சோர்வையும் கூட்டும்.

இன்னொன்றும் வெளிவந்தது. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முன் போட்டால் கை நடுங்காது என்று ஒரு சீனியர் கொடுத்த புரோப்ரனோலால் மாத்திரையை அவ்வப்போது போட்டுக்கொண்டிருந்தார். பல கல்லூரி விடுதிகளில் இது கைமாறுகிறது. இவருக்குச் சிறுவயதில் வீசிங் இருந்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம். மருந்தியல் பாடத்தில் இதைப் படித்து எழுதி மார்க் வாங்கியவர்தான். பயம் வந்தால் படித்தது நினைவுக்கு வராது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9-ல் 27-க்கு 16, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7-ல் 21-க்கு 14. பிஎச்க்யூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. 'சில நாட்கள்' என்று குறித்திருந்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவது பெரிய தவறு. கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்குவதுதான் வழக்கம். நேரடியாகவே கேட்டேன். "சாகணும்னு இல்லீங்க. தூங்கி எந்திரிக்காமயே இருந்துட்டா நல்லாருக்கும்னு தோணுது" என்றார். திட்டமோ ஏற்பாடோ இல்லை, முன்பு முயன்றதும் இல்லை.

ஆபத்து உடனடியானதல்ல, ஆனால் அலட்சியம் செய்யக்கூடியதும் அல்ல. அன்றே இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம்: எண்ணம் பெருகுவதற்கு முன் தெரியும் அறிகுறிகள், அப்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. முதல் பெயர் அறைத் தோழி. அடுத்து ஓரல் மெடிசினில் பார்த்த அந்த முதுநிலை மாணவி. அப்புறம் அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐயும் எழுதிக்கொண்டோம்.

யாரிடம் சொல்வது

கல்லூரி நிர்வாகம் உடனே அப்பாவை வரச்சொல்ல வேண்டும் என்றது. பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. இவர் 22 வயதுப் பெண். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும், அதை முதல் நாளே அவரிடமும் சொல்லிவிட்டேன். அந்த நிலை இல்லாதபோது வீட்டில் சொல்வது அவருடைய முடிவு.

இங்கே ஒரு இடைச்செருகல். ஆலோசனை அறை முதலில் முதல்வர் அறைக்கு எதிரில் இருந்தது. யார் உள்ளே போகிறார்கள் என்று கல்லூரி முழுக்கத் தெரிந்தது. அக்டோபர் 10 மனநல நாளுக்குக் கோலப்போட்டி வைக்கிறவர்களிடம், அறையை நூலகத்துக்குப் பின்னால் மாற்றிக் கேட்டு வாங்க எனக்கு ஒரு பருவம் பிடித்தது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆலோசகர் எங்கே உட்கார வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவி முதலில் சொன்னது அப்பாருவிடம். அதற்கு அவர், "ஏஞ்சாமி, இத்தன நாளு சொல்லாம வெச்சிருந்தே?" என்று கேட்டுவிட்டு, அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா வந்தபோது அவருக்கு இரண்டே கவலைகள். மாத்திரை பழக்கமாகிவிடுமா? வரன் பார்க்கும்போது வெளியே தெரிந்துவிடுமா? இரண்டும் நியாயமான கவலைகள், எனவே இரண்டுக்கும் நேராகவே பதில் சொன்னோம். மது, தூக்க மாத்திரை போல ஏங்க வைக்கிற மருந்து அல்ல, ஆனால் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. அவர் மகளின் சம்மதம் இல்லாமல் எங்கள் வாயிலிருந்து எதுவும் வெளியே போகாது.

சிகிச்சை

மனநல மருத்துவர் இதை மிதமான மனச்சோர்வு, கூடவே பதற்றம் என்று கணித்தார். மனச்சோர்வுக்கான மருந்தான செர்ட்ராலினை 25 மில்லிகிராமில் தொடங்கிப் பின் 50 ஆக்கினார். புரோப்ரனோலாலை நிறுத்தச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் குமட்டலோ படபடப்போ வந்து போகலாம் என்று முன்பே சொன்னதால் மாணவி நடுவில் விட்டுவிடவில்லை. பல் டாக்டர் ஆகப்போகிறவர் அல்லவா, ஒரு நல்ல கேள்வியும் கேட்டார்: இந்த வகை மருந்து பல் கடிப்பைக் கூட்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே? உண்மைதான், சிலருக்கு அப்படி ஆகும். அதனால் நைட் கார்டு தொடர்ந்தது, தாடை வலியை ஓரல் மெடிசின் துறையே கவனித்துக்கொண்டது.

என் பங்கு பேச்சு சிகிச்சை. கை நடுங்கினால் நோயாளிக்குக் காயமாகிவிடும், காயமானால் எல்லார் முன்னாலும் பேச்சு விழும், விழுந்தால் நான் இதற்கு லாயக்கில்லை என்று நிரூபணமாகிவிடும் என்ற சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எடுத்துப் பார்த்தோம். அதோடு படிப்படியான பயிற்சி. முதலில் தனியாக ஃபேண்டம் ஹெட், அடுத்து தோழி பார்க்க, பிறகு முதுநிலை மாணவி பின்னால் நிற்க. நடுக்கம் வந்தால் மறைக்காமல் விரலை ஊன்றும் இடத்தைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர வேண்டும். மறைக்க முயலும்போது நடுக்கம் இரட்டிப்பானதை அவரே கண்டுபிடித்தார்.

ஆனால் இதோடு நிறுத்தியிருந்தால், காயம் பட்ட இடத்துக்கே அவரைத் திரும்ப அனுப்பியதாக ஆகியிருக்கும். ஸ்டாஃப் பின்னால் வந்து நின்றால் கை நடுங்குகிறது என்பது அந்த அறையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறது. மாணவருக்கு மனவலிமைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, யோகா என்று அடுக்கிக்கொண்டு அந்த அறையைத் தொடாமல் விடுவதுதான் நம் கல்லூரிகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

துறைக்குள்

மாணவியின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், துறைத் தலைவரிடம் பேசினேன். முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: "நாங்க வாங்காத திட்டா? அப்படித்தான் மேடம் வேலை வரும்." மாணவர்கள் நோயாளியின் உடம்பில் கை வைக்கிறார்கள், தவறைக் கண்டித்தே ஆக வேண்டும் என்றார். அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்டது இரண்டு. நோயாளி கேட்கும் தூரத்தில் திட்ட வேண்டாம், பிழையை வேலைமேசைக்கு அழைத்துப்போய்க் காட்டலாம். பல்செட், ஆர்.சி.டி. போன்ற நீண்ட வேலைகளில் நோயாளி பாதியில் நின்றுவிட்டால், முடித்த கட்டங்களுக்காவது கணக்கு வைக்கலாம்.

சீவிப்போட்ட அந்த ஆசிரியரையும் சந்தித்தேன். வில்லன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளைப் பார்க்கிறவர், மாலையில் தனி கிளினிக், தன் படிப்புக் கடனையே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். தலைப்பு இல்லாமல் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தான் படித்த காலத்தில் தன் ரெக்கார்ட் நோட்டு மாடியிலிருந்து வீசப்பட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடிக்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

முதல் கோரிக்கை அந்தத் துறையில் ஓரளவு நடைமுறைக்கு வந்தது. இரண்டாவதற்கு வேறு வழி பிடித்தார்கள். வெளிநோயாளிப் பிரிவிலேயே பொதுப் பதிவேடு வைத்து, பல்செட் கேட்டு வருபவர்களைக் கோட்டா பாக்கியுள்ள மாணவர்களுக்கு வரிசைப்படி பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். கிராம முகாமுக்குப் போகும் கல்லூரி வண்டியிலேயே அடுத்த வருகைக்கும் இடம் ஒதுக்கினார்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கான்ஸ் துறை மட்டும் அசையவே இல்லை. அங்கே பழைய கோட்டா, பழைய குரல்.

தொடர் கவனிப்பு

ஆறாவது வாரத்தில் தூக்கம் ஐந்தரை மணி நேரத்துக்கு வந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் பிஎச்க்யூ-9 மதிப்பெண் 6, ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். கான்ஸ் கிளினிக்கில் மட்டும் விரல் இன்னும் லேசாக நடுங்கியது. அப்பாருவுக்கு மறுபடி ஜா ரிலேஷன் எடுத்தார், இந்த முறை அதே ஆசிரியர் உயரத்தை அளந்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். பல்செட் கொடுத்து வாரம் ஆவதற்குள் கீழ்ப்பக்கம் குத்துகிறது என்று அப்பாரு வந்துவிட்டார். அதுவும் வழக்கமானதுதான், தேய்த்துக் கொடுத்தாயிற்று.

பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு பாடம் அரியர் விழுந்தது. முடிவு வந்த வாரம் தூக்கம் மறுபடி கெட்டது, மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் நான்காம் நாள் அந்தத் தாளில் எழுதியிருந்தபடி முதுநிலை மாணவியை அவரே கூப்பிட்டார், மருந்தளவை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஆறு மாதத்தில் அரியரை முடித்து இப்போது சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் கட்டாயப் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்திருக்கிறார்.

பயிற்சி மருத்துவர் ஆகிவிட்டேனே, மாத்திரை எதற்கு என்று போனமுறை கேட்டார். அறிகுறிகள் முழுதாக நீங்கியபின்னும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது தொடர வேண்டும் என்று மனநல மருத்துவர் விளக்கினார். அரியர் முடிவு வந்தபோது நேர்ந்த சறுக்கலையும் கணக்கில் எடுத்து, மருந்தைக் குறைக்கத் தொடங்குவதைக் கான்ஸ் போஸ்டிங் முடியும்வரை தள்ளிப்போட்டிருக்கிறோம். அதுவரை மாதம் ஒருமுறை என்னிடம் வருவார்.